27-வது வரி

சமீபத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்காகத் திருப்பூர் போயிருந்தேன். கல்லூரி ஹாஸ்டலில் எனக்கு ரூம்மேட்டாக இருந்தவன் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனி வைத்திருக்கிறான். திருப்பூரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனி என்று அர்த்தம். வேறு எதையாவது செய்பவர்கள்தான் அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டும். 'சின்ன' என்பது அவனுடைய தன்னடக்கம். நாற்பது மெஷின், கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடத்தில்.

விருந்தில் ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய்யைத் தாராளமாக ஊற்றியதில் ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால், அங்கே எனக்கு முன்பே நண்பனின் மகள் மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் (பார்த்தீர்களா, அடைமொழி!) வேலை பார்க்கிறாள்.

'தூங்கலையாம்மா?'

'நாப்பத்திரெண்டு டெஸ்ட் ஃபெயில் ஆயிருக்குங்க மாமா.'

கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற அதே குரல். பதற்றம், வருத்தம் எதுவும் இல்லை.

'இப்ப என்ன பண்ணணும்?'

'இந்த பட்டனை அமுக்கினாப் போதும். எல்லாம் பச்சையாயிரும்.'

ஆனால் அமுக்கவில்லை. அம்புக்குறியை பட்டன் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் டெக்னிக்கல் சமாசாரம். பயப்படாதீர்கள். பனியன் மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும்.

* * *

கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் தப்பு செய்வார்கள். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க உதவும் இன்னொரு ப்ரோக்ராமுக்கு டீபக்கர் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமை நாம் சொல்கிற வரியில் நிறுத்தி, 'இப்போது உன் கையில் என்ன இருக்கிறது, காட்டு' என்று கேட்கும். திருப்பூரில் நிட்டிங் மெஷின் பார்த்திருந்தால் சுலபமாகப் புரியும். வட்டமாகச் சுற்றிக்கொண்டே துணி பின்னும் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் சட்டென்று நின்று ஒரு விளக்கு எரியும். ஆபரேட்டர் வந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். டீபக்கர் செய்வதும் அதுதான். என்ன, நூல் அறுவதற்கு முன்பே, நாம் சொன்ன இடத்தில் நிறுத்தும்.

உலகத்தில் அதிகம் புழங்கும் டீபக்கர்களில் ஒன்று ஜிடிபி. 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. இலவசம். இன்றும் உயிரோடு இருக்கிறது. எல்எல்டிபி என்று இன்னொன்று, ஐபோனுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்துவது. நம் பெண் வேலை செய்வது, சிறிய சிப்புகளுக்கென்று அவள் கம்பெனி தயாரிக்கும் ஒரு டீபக்கரில்.

இப்போது ஒரு குதர்க்கமான கேள்வி. தப்பைக் கண்டுபிடிக்கிற டீபக்கரிலேயே தப்பு இருந்தால்? யார் கண்டுபிடிப்பது? டாக்டருக்குக் காய்ச்சல் வந்தாலாவது இன்னொரு டாக்டரிடம் போகலாம். இங்கே தெர்மாமீட்டருக்கே காய்ச்சல். அதனால்தான் டீபக்கர்களுக்கென்று ஆயிரக்கணக்கில் தானியங்கி டெஸ்ட்டுகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது அவை வரிசையாக ஓடும். ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கும். 27-வது வரியில் நிறுத்து, எண்ணிக்கை எவ்வளவு என்று கேள், 5 என்று பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

கேட்கும்போது சுத்தமாக இருக்கிறது இல்லையா? நடைமுறையில் அது அப்பளம். தொட்டால் உடையும்.

யாரோ ஒரு நல்லவர் அந்தக் குட்டி ப்ரோக்ராமின் தலையில், 'இந்த ஃபைலின் காப்புரிமை எங்களுடையது' என்று இரண்டு வரி சேர்க்கிறார். 27-வது வரி 29-வது வரியாகிவிட்டது. டீபக்கர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் டெஸ்ட் சிவப்பு. அல்லது, ஜிடிபி ஒவ்வொரு பதிலுக்கும் $1, $2 என்று வரிசை எண் போட்டுத்தான் தரும். நடுவில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால், அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் ஒன்று தள்ளிப் போய்விடும். பதில் அதே 5. வரிசை எண் மட்டும் வேறு. சிவப்பு. அல்லது, டெர்மினல் ஜன்னலின் அகலம் குறைவாக இருந்து, பதில் பாதியில் மடிந்து அடுத்த வரிக்குப் போகிறது. சிவப்பு. 2019-ல் ஜிடிபி தன் பதில்களுக்கு வண்ணம் பூச ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியாத வண்ணக் குறியீடுகள் பதிலோடு கலந்து வந்தால் மறுபடி சிவப்பு.

இப்படிப் பட்ட டெஸ்ட்டுகளைத்தான் இந்தத் தொழிலில் 'ப்ரிட்டில்' என்கிறார்கள். நம் ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது: தொட்டாற்சிணுங்கி.

* * *

மொட்டை மாடிக்கு வருவோம்.

மூன்று மாதங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு ராத்திரி. முப்பத்தெட்டு டெஸ்ட் சிவப்பு. யாரோ ஃபைலின் தலையில் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். பத்து, பதினைந்து டெஸ்ட்டுகளைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் வரி எண்தான் மாறியிருந்தது. இது அவளுக்கு வாராவாரம் நடக்கிற சடங்கு. அதற்கென்றே அவர்கள் ஆபீஸில் ஒரு பட்டன் செய்து வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கினால், 'இன்றைக்கு வந்திருக்கிற பதிலையே இனிமேல் சரியான பதில் என்று எழுதிக்கொள்' என்று அர்த்தம். அமுக்கினாள். எல்லாம் பச்சை. தூங்கப் போனாள்.

முப்பத்தேழு டெஸ்ட்டுகளில் வரி எண் மட்டும்தான் மாறியிருந்தது. ஒன்றில் மட்டும், வரி எண்ணோடு விடையும் மாறியிருந்தது. அன்று பகலில் சேர்த்த ஒரு மாற்றத்தால், சில சமயங்களில் ஒரு மாறியின் புதிய மதிப்புக்குப் பதில் பழைய மதிப்பை டீபக்கர் காட்ட ஆரம்பித்திருந்தது. அந்த ஒரு சிவப்புதான் உண்மையான சிவப்பு. ஊரே கூச்சல் போடும்போது ஒருவன் மட்டும் 'திருடன் திருடன்' என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

விழாதது மட்டுமில்லை. பட்டனை அமுக்கிய அந்த நிமிஷம் முதல், தப்பான பதிலே சரியான பதிலாகப் பதிவாகிவிட்டது. நாளைக்கு யாராவது அந்தத் தப்பைத் திருத்தினால், டெஸ்ட் 'ஐயோ, மாறிவிட்டதே' என்று சிவப்பு காட்டும். காவலுக்கு வைத்த நாய், திருடனுக்குக் காவல் இருக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கோ ஒரு தொழிற்சாலையில் மோட்டாருக்கு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினீயர் இந்த டீபக்கரை நம்பி, இல்லாத தப்பை ஒன்பது நாள் தேடியிருக்கிறார். 'என் கண்ணையே நான் சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டேன்' என்று அவர் போனில் சொன்னதை இவள் அப்படியே நினைவு வைத்திருந்தாள்.

'திட்டினாங்களா?'

'யாருமே திட்டலைங்க மாமா. அதுதான் கஷ்டம். எல்லாரும் அந்த பட்டனை அமுக்கியிருக்காங்க. அன்னிக்கு என்னோட முறை, அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க.'

இன்றைக்கு நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் திறந்து படித்தால் விடிந்துவிடும். படிக்காமல் அமுக்க மனசு வரவில்லை. நான் கீழே போகும்போது அவள் ஏழாவது டெஸ்ட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

இது கோயமுத்தூர் கம்பெனியின் சொந்தக் கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2016-ல் கூகுளில் டெஸ்டிங் பிரிவில் இருந்த ஜான் மிக்கோ என்பவர் தங்கள் கணக்கை வெளியிட்டார். அவர்களுடைய டெஸ்ட்டுகளில் ஏறக்குறைய 16 சதவிகிதம், ப்ரோக்ராமில் எதுவுமே மாறாதபோதும் ஒருமுறை பச்சை, ஒருமுறை சிவப்பு என்று ஊஞ்சலாடுகிற ஜாதி. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய சம்பவங்களை எண்ணிப் பார்த்தால், அதில் 84 சதவிகிதத்தில் இந்த ஊஞ்சலாடிகள் சம்பந்தப்பட்டிருந்தன. அதாவது மணி ஆறு தடவை அடித்தால் ஐந்து தடவை சந்தேகக் கேஸ். ஆறாவது தடவை எழுந்து ஓட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

* * *

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது மகள் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னாள். நண்பனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. டேலி மட்டும் தெரியும், அதுவும் அக்கவுண்டன்ட் பக்கத்தில் இருந்தால். முழுவதையும் கேட்டுவிட்டு, சட்னியைத் தொட்டுக்கொண்டே ஒரு வரி சொன்னான்:

'அட, சீல் சாம்பிளை மாத்தித் தொங்க விட்டுட்டியா அம்மிணி?'

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் மாறிவிட்டது.

திருப்பூரில் ஆர்டர் ஆரம்பிக்கும் முன் ஒரு பீஸ் தைத்து பையருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்து, திருத்தி, சம்மதம் சொல்லி, சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார். அதுதான் சீல் சாம்பிள். செக்கிங்கில் அதைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கான பீஸ்களைச் சரிபார்ப்பார்கள். லைனில் வருகிற பீஸ் அதோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக, சாம்பிளை எடுத்துவிட்டு லைனில் வந்த பீஸையே அங்கே தொங்கவிட்டால்? எல்லாம் ஒத்துப்போகும். கன்டெய்னர் ஏறும் வரை எல்லாருக்கும் சந்தோஷம்.

'வாடா, செக்கிங்கைப் பாத்துட்டு வரலாம்' என்று அழைத்துப் போனான். மகளும் வந்தாள்.

நீளமான வெள்ளை டேபிள், மேலே டியூப் லைட், இரண்டு பக்கமும் பெண்கள். பீஸை விரித்து, தோளில் ஆரம்பித்து ஒரு சுற்று கை ஓடுகிறது. ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம், ஊசிக் கோடு எதுவாக இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பீஸுக்குச் சில வினாடிதான். இருபது வருஷமாக அங்கே இருக்கும் ஓர் அக்காவிடம், 'சாம்பிள் மாதிரியே அச்சு அசலா இருக்கணுமா?' என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

'அச்சு அசலா எப்படீங்க இருக்கும்? இது துணியில்லீங்களா? இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். மார்பளவு ஒரு சென்டி முன்னப் பின்ன இருக்கலாம்னு சார்ட்டுலயே போட்டிருப்பாங்க. கழுத்துல ஒரு தையல் விட்டிருந்தா மட்டும் அது சென்டிக் கணக்கில்லீங்க. தூக்கி வெச்சிர வேண்டியதுதான்.'

எதில் விட்டுக் கொடுக்கலாம், எதில் கூடாது. டெஸ்ட் எழுதுகிற கலை முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது.

ஜிடிபி எழுதுகிறவர்கள் அடிபட்டு அடிபட்டுக் கண்டுபிடித்ததும் இதுதான். 27-வது வரி என்று சொல்லாதே. அந்த வரியிலேயே 'இங்கே நிறுத்து' என்று ஒரு குறிப்பு எழுதி வை. டெஸ்ட் அந்தக் குறிப்பைத் தேடி, அது எந்த வரியில் இருக்கிறது என்று தானே தெரிந்துகொள்ளட்டும். இதற்கென்றே ஜிடிபி டெஸ்ட்டுகளில் ஒரு தனி வசதி இருக்கிறது. எல்எல்டிபியிலும் இதே வழக்கம். தலையில் இருநூறு வரி சேர்த்தாலும் டெஸ்ட் கலங்காது. பெரியாஸ்பத்திரிக்கு வழி கேட்டால், '27-வது கட்டடம்' என்று சொல்வதற்கும், 'போர்டு போட்டிருக்கும் பாருங்க' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். நடுவில் ஒரு பேக்கரி வந்தால் முதல் வழி தப்பாகிவிடும். திருப்பூரில் பேக்கரி எப்போது வேண்டுமானாலும் வரும்.

$1, $2 என்ற வரிசை எண் கேள்வியா, பதிலா? இரண்டும் இல்லை. அப்படியானால் 'ஏதோ ஓர் எண்' என்று மட்டும் எழுது. பதில் 5-ஆ என்று அழுத்திக் கேள். ஒவ்வொரு தடவையும் மாறுகிற மெமரி விலாசத்தையும் அப்படியே விட்டுவிடு.

* * *

அடுத்து நண்பன் என்னைத் துணி சோதிக்கும் மூலைக்குக் கூட்டிப் போனான். மேஜை மேல் வட்டமான ஒரு கருவி. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டத் துண்டு வரும். அதைத் தராசில் போட்டு, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 1.80 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம்.

'இந்தத் தராசுதான்டா ஒரு தடவை என்னைக் கவுத்துருச்சு' என்றான்.

சில வருஷம் முன்பு, ஐப்பசி மழை. 180 ஜிஎஸ்எம் ஆர்டர், ஐந்து சதவிகிதம் கூடக் குறைய இருக்கலாம் என்று ஒப்பந்தம். அதாவது 171 வரைக்கும் சரி. இவன் தராசில் 174, 175 என்று காட்டியது. தைத்து அனுப்பிவிட்டான். பையருடைய லேபில் 169. பில்லில் கணிசமாகக் கழித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் கட்ட ஆரம்பித்திருந்த வீடுதான் நேற்று நாங்கள் பால் காய்ச்சிய வீடு. நடுவில் அத்தனை வருஷம் செங்கல்லோடு நின்றிருக்கிறது.

தராசில் பழுதில்லை. பருத்தி, காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் அதிகமாக, சித்திரை வெயிலில் குறைவாக. ஒரே துணி, ஈரக் காற்றிலும் வறண்ட காற்றிலும் பத்து கிராம் வரை வித்தியாசம் காட்டக்கூடும். அதனால்தான் உலகத்து லேப்கள் எல்லாம் சேர்ந்து ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. 20 டிகிரி வெப்பம், 65 சதவிகிதம் காற்று ஈரப்பதம். அந்த அறையில் துணியைப் போட்டு, அது அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகுதான் எடை போட வேண்டும். இவன் எடை போட்டது துணியை மட்டுமில்லை, ஐப்பசி மாசத்தையும் சேர்த்து.

'அதேதானுங்ப்பா!' என்று மகள் குதித்தாள். 'எங்களுக்கும் அந்த ரூம் இருக்குது!'

உண்மைதான். ஜிடிபியின் டெஸ்ட்டுகள் ஓட ஆரம்பிக்கும் முன், முதல் காரியமாக உலகத்தை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகின்றன. கம்ப்யூட்டர் எந்த மொழியில் இருந்தாலும் டெஸ்ட்டுக்கு ஒரே மொழி. ஜன்னல் எத்தனை அகலமாக இருந்தாலும், வரியை மடிக்கக் கூடாது, பக்கம் நிறைந்தால் 'என்டர் தட்டுங்கள்' என்று நிற்கக் கூடாது. டெர்மினல் வண்ணம் தெரியாத பழைய ஊமை டெர்மினல் என்று பாவனை. இந்தச் சில கட்டளைகள்தான் அவர்களுடைய 20 டிகிரி, 65 சதவிகிதம்.

கம்பைலரும் ஓர் ஐப்பசி மாசம்தான். ஒரே ப்ரோக்ராமை இரண்டு கம்பைலரில் போட்டால், டீபக்கருக்கான குறிப்புகளை இரண்டும் வேறு வேறு விதமாக எழுதும். அதனால் மிக நுட்பமான சில டெஸ்ட்டுகளில், கம்பைலரை நம்பாமல் அந்தக் குறிப்புகளை ஜிடிபிகாரர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நேரமும் அப்படியே. 'இரண்டு வினாடி காத்திரு, பிறகு பதிலைப் பார்' என்று எழுதினால், மெஷின் களைத்திருக்கும் நாளில் மூன்று வினாடி ஆகும். பதில் முடிந்ததற்கான அடையாளம் வரும் வரை காத்திரு என்று எழுத வேண்டும். இதில் ஜிடிபிகாரர்கள் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறார்கள். டீபக்கரின் பதிலை வேண்டுமென்றே ஒவ்வோர் எழுத்தாகச் சொட்டு சொட்டாக டெஸ்ட்டுக்கு ஊட்டும் ஒரு முறை. அவசரக்குடுக்கையான டெஸ்ட்டுகள், பதில் முழுசாக வருவதற்குள் முடிவு கட்டி மாட்டிக்கொள்ளும்.

* * *

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'ஆகவே டெஸ்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், அவ்வளவுதானே?' என்று கேட்பீர்கள். அங்கேதான் அடுத்த குழி.

ஜிடிபியில் '5 வருகிறதா பார்' என்று மட்டும் எழுதினால், அது பதிலின் வாலைத்தான் கவனிக்கும். தலையைக் கவனிக்காது. 15 வந்தாலும் பச்சை, 25 வந்தாலும் பச்சை. '= 5' என்று சமக்குறியோடு எழுதினால்தான் 5 மட்டும் 5. ஒரே ஒரு குறியில் இருக்கிறது டெஸ்ட்டின் மானம். தொட்டால் அழுகிற டெஸ்ட்டை விட மோசமானது, அடித்தாலும் அழாத டெஸ்ட்.

இந்தக் காலத்தில் இதற்கு ஒரு புது வழியும் திறந்திருக்கிறது. ஏஐயிடம் 'இந்த டெஸ்ட் சிவப்பாக இருக்கிறது, சரிசெய்' என்று கேட்டுப் பார்த்தாளாம். பணிவாக, இலக்கணப் பிழையில்லாமல் விளக்கம் எழுதி, எதிர்பார்த்த விடையை மாற்றிக் கொடுத்துவிட்டது. சீல் சாம்பிளை மாற்றித் தொங்கவிடத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கிறது. 'டெஸ்ட்டைத் தொடாதே, காரணத்தை மட்டும் சொல்' என்று கேட்டபோது உருப்படியாக உதவியதாம். கேள்வி கேட்கிறவருக்கு எது மாறக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பச்சை, சிவப்பு என்ற இரண்டே நிறம் போதாத இடங்களும் உண்டு. துணி ரோலைப் பரிசோதிக்க நாலு பாயின்ட் முறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று அங்குலத்துக்குள் ஒரு பழுது என்றால் 1 பாயின்ட், ஆறு வரை 2, ஒன்பது வரை 3, அதற்கு மேல் 4. நூறு சதுர கஜத்துக்கு 40 பாயின்ட் வரை ஏற்றுக்கொள்வது பொதுவான வழக்கம். 'பழுது இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லா ரோலும் ஃபெயில். 'எவ்வளவு பழுது?' என்று கேட்டால்தான் தொழில் நடக்கும்.

இதே யோசனை டீபக்கர் உலகத்திலும் இருக்கிறது. சோனியின் ஒரு பிரிவினர் உருவாக்கி, இப்போது எல்எல்விஎம் திட்டத்தோடு இருக்கும் டெக்ஸ்டர் என்ற கருவி, டீபக்கருக்கு மார்க் போடுகிறது. வேகத்துக்காகச் சுருக்கி எழுதப்பட்ட ப்ரோக்ராமில் எல்லா மதிப்பையும் எல்லா வரியிலும் காட்ட முடியாது. காட்ட முடியாமல் போனால் அபராதம், தப்பாகக் காட்டினாலும் அபராதம். நேற்றைய மார்க்கை விட இன்றைக்குக் குறைந்திருந்தால்தான் மணி அடிக்க வேண்டும். இதைச் சொன்னபோது நண்பன், 'இதுக்கு எதுக்குடா சோனி? எங்க ஃபேப்ரிக் செக்கரைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரே' என்றான்.

* * *

கிளம்பும் முன் ஒரு கடைசி சந்தேகம் கேட்டேன். செக்கிங் ஒழுங்காக நடக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? நாள் பூராவும் பழுதே வரவில்லை என்றால், தையல் நன்றாக இருக்கிறதா, இல்லை அக்காக்கள் தூங்குகிறார்களா?

நண்பன் குரலைத் தாழ்த்தினான். மாதத்துக்கு ஒருமுறை, யாருக்கும் தெரியாமல் பழுதான ஒரு பீஸை நல்ல பீஸ்களுக்கு நடுவே செருகிவிடுவானாம். அது பிடிபட்டால் செக்கிங் சரி. பிடிபடாமல் அயர்னிங்குக்குப் போனால் அன்று மாலை ஒரு கூட்டம் போடுவானாம்.

மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். டீபக்கரில், தன்னுடைய கம்ப்யூட்டரில் மட்டும், அந்த ஒன்பது நாள் தப்பை வேண்டுமென்றே திரும்பப் போட்டாள். டெஸ்ட்டுகளை ஓட்டினாள். ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து அவள் திருத்தியிருந்தவை மொத்தம் பதினொன்றுதான். 27-வது வரியை எடுத்துவிட்டு 'இங்கே நிறுத்து' என்று எழுதிய பதினொன்று. பாக்கி முப்பத்தொன்று இன்னும் பழைய தொட்டாற்சிணுங்கிகள்.

பதினொன்றில் பத்து பச்சை. ஒன்று சிவப்பு. எது சிவப்பாக வேண்டுமோ அதுவேதான்.

ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்து ஒரு பெண் அப்படிச் சிரித்ததை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் செக்கிங் டேபிளிலிருந்து அந்த அக்கா கையில் ஒரு பீஸோடு வந்தார். கழுத்தில் அரை அங்குலம் தையல் விட்டிருந்தது. அதன் மேல் பளிச்சென்று ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர்.

'ஏனுங்க, இது நீங்க வெச்சதுதானுங்களே? நம்ம லைன்ல இப்ப இந்த நூல் கலரே ஓடலைங்களே. அடுத்த தடவை கலர் பாத்து வையுங்க.'

நண்பன் தலையைச் சொறிந்தான். அவனுடைய டெஸ்ட்டும் கொஞ்சம் ப்ரிட்டில்தான்.